ராம்நாடு (ராமநாதபுரம்) வேலைக்குப் போய்வர கடற்கரைக் கிராமத்துல வீடு: பார்த்ததுல மனசைவிட்டுப் போகாதது எது? புனைபெயர்லயே பதில் எழுதுங்க.

பனங்காடு
உச்சிப்புளிக்குத் தெக்க, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துல ஓட்டு வீடு. 5 சென்ட், நாலு தென்னை, ஒரு உறைக்கிணறு. ராம்நாடு 20 கிலோமீட்டர்கூட இல்ல. விலையைக் கேட்டா யாருக்கும் பேரம் பேசத் தோணாது. தை மாசம் அந்தக் கிணத்துத் தண்ணி இளநீர். ஆவணியில அதே தண்ணியில டீ கொதிச்சுது, பால் ஊத்தினதும் திரிஞ்சுபோச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசாம பாத்திரத்தை எடுத்துட்டுப் போய் தென்னந்தூர்ல கொட்டினாங்க. இந்தப் பக்கம் வீடு பாக்கிறவங்க தையில போகாதீங்க. ஆடி, ஆவணியில போங்க.

வடகடல்
பனங்காடு அண்ணே, பாதிதான் சொல்றீங்க. அந்தக் கிணறு கெட்டதுக்கு மாசம் காரணமில்ல, மோட்டார்தான் காரணம். நாலு தென்னைக்கு ஒன்றரை ஹெச்பி போட்டிருப்பாங்க, பந்தயம் கட்டுறேன்.

நம்ம கடற்கரை மணல்ல நல்ல தண்ணி சவர்த் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். அந்த மேல்மட்டம் 1 அடி இறங்குச்சுன்னா, கீழ இருக்கிற உப்பு நாளடைவில 40 அடி ஏறும். இது போக, ஒரே இடத்துல வேகமா இழுத்தா அந்த இடத்துல மட்டும் உப்பு கூம்பு மாதிரி மேல எழும்பும். போர் போட்டு ஆழமாப் போறவன் கடலைத் தேடிப் போறான், அவ்வளவுதான்.

கிணத்தைச் சோதிக்க ஒரு வழி: கண்ணாடி பாட்டில்ல கல்லைக் கட்டுங்க. வாயை தக்கையால அடைச்சு, தக்கைக்குத் தனிக் கயிறு. அடிவரைக்கும் இறக்கிட்டு தக்கையை இழுங்க. இப்ப அடித்தண்ணி ஒரு பாட்டில், மேல்தண்ணி ஒரு பாட்டில். டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) அடித்தண்ணி மேல்தண்ணியைப் போல ரெண்டு மடங்கு காட்டினா, அந்தக் கிணறு கோடையில உப்புக்குத் திரும்பிரும். குடிக்க 500 வரைக்கும் நல்லது. வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தரநிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேல வீட்டு ஆர்ஓ மெஷினும் தாங்காது, சவ்வு சீக்கிரம் போயிரும்.

வாங்கிட்டீங்கன்னா அரை ஹெச்பி போதும். 15, 20 நிமிசம் ஓட்டிட்டு ஊற விடணும். ஃபுட் வால்வை (தண்ணி உறிஞ்சுற குழாயோட அடி வாய்) கிணத்தடியில வைக்காதீங்க, தண்ணி மட்டத்துக்கு ரெண்டு மூணு அடி கீழ நிக்கட்டும். ஒரு ஆழக் கிணத்தைவிட தள்ளித் தள்ளி ரெண்டு மேலோட்டமான உறை மேல்.

கம்பிகட்டி
தண்ணியைப் பத்தி மட்டும் பேசுறீங்க. அதே தண்ணியில கட்டின வீட்டைப் பாக்க வேணாமா?

தேவிபட்டினம் போற வழியில ஒரு தளம் போட்ட வீடு. வயசு 15தான். உள்ள வந்தா சுவரெல்லாம் பழைய பெயின்ட், உத்தரம் மட்டும் புது வெள்ளை. எட்டி சன்ஷேடைப் பிடிச்சப்போ ஒரு சில்லு கையோட வந்துருச்சு. உள்ள கம்பி இருந்த இடத்துல ஏடு ஏடா துரு, கடலைமிட்டாய் மாதிரி உதிருது. விக்கிறவர் சொன்னார்: "அது காத்துக்கு அப்படித்தான் தம்பி."

காத்துக்கு இல்ல. கலவைக்கு ஊத்தின தண்ணிக்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கணக்குப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரைக்கும் விடலாம். கடல்காத்து படுற இடத்துல எம் 30 தர வலுவுள்ள கலவையும், கம்பிக்கு மேல 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் வேணும். ஊர்ல பாதிப் பேர் 15, 20 மி.மீ.ல முடிச்சிர்றாங்க, கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லியை முட்டுக் கொடுக்கிறாங்க.

பாக்கப் போறப்ப சின்னச் சுத்தியல் கொண்டு போங்க. தளத்துக்கு அடியில தட்டினா "டங்"னு வரணும். "டொப்"னா உள்ள கான்கிரீட் கம்பியை விட்டுருச்சு. கம்பி ஓடுற திசையிலேயே நேர்கோடா விரிசல் இருந்தா அதுவும் துருதான். பூசி மறைக்கிறது ரெண்டு மழைக்குத் தாங்காது. கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி கனத்துல கால்வாசி போயிருந்தா பக்கத்துல புதுக் கம்பி கட்டித்தான் பூசணும். தளம் முழுக்க அப்படின்னா கணக்குப் போட்டுப் பாருங்க, ஓட்டு வீடுதான் மலிவு. பனஞ்சட்டத்துக்கு உப்பால ஒண்ணும் ஆகாது, கரையானை மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

பத்திர எழுத்து
யாரும் கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உப்பு கிணற்றில் மட்டும் இல்லை.

திருப்புல்லாணிப் பக்கம் ஒரு வீடு, அப்பா சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டுப்போனது. கூட்டுப்பட்டாவில் நான்கு மகன்கள் பெயர். நால்வரும் கையெழுத்துப் போடத் தயார். முன்பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். பரமக்குடியில் கட்டிக்கொடுத்த மூத்த மகள். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றார். எண்ணியவர் கை நின்றுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு 1956 முதலே உண்டு. பட்டாவில் பெயர் இல்லாததால் அந்தப் பங்கு போய்விடாது. எனவே வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றைப் பட்டாவோடு பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக ஒப்பிட வேண்டும்.

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) நான்கும் ஒரே புல எண்ணைச் சொல்ல வேண்டும். அ-பதிவேட்டில் கோயில் பெயரோ வக்ஃபு பெயரோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே அடிமனை விற்பனைக்கு இல்லை, சுவர் மட்டும்தான்.

வீட்டுமனைப் பிரிவில் வாங்கினால், அங்கீகாரம் இல்லாத மனையாயின், 20.10.2016-க்கு முன் மனையாகவே பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் எழுதினால் 1.4.2025 முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. நாம் பேசும் விலைக்கு இது சின்னத் தொகை இல்லை. வீட்டம்மா பெயரில் எழுதுங்கள்.

தென்கடல்
கடலோரமா மலிவா ஒண்ணு வந்துச்சுன்னா முதல்ல நாடாவைப் பிடிங்க. கிராமத்துக் கடற்கரையில உச்ச ஓத எல்லையிலிருந்து (கடல் ஏறி வர்ற கடைசிக் கோடு) 200 மீட்டருக்குள்ள பெரும்பாலும் புதுசா கட்ட முடியாது, 500 வரைக்கும் அனுமதி வாங்கணும். "வீடுதான் இருக்கே"ன்னு தரகர் சொல்வார். இருக்கிற வீட்டைப் பழுது பாக்கலாம். மாடி எடுக்க நினைக்காதீங்க.

டவுன்பஸ்
பஸ் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல! கிழக்குக் கடற்கரைச் சாலையில ராத்திரி ஒன்பது மணி. வெளியூர் பஸ் வேகம் குறையாமப் போகுது, ஸ்டாப்ல நின்ன பொண்ணு முகத்துல மணல். தினம் எத்தனையோ பஸ் போற ரோடுதான், ஆனா நிக்கிறது டவுன் பஸ் மட்டும்தான். பெண்களுக்குக் காசில்லாப் பயணமும் அதுலதான். வீட்டைப் பகல்ல பாருங்க, ஸ்டாப்பை ராத்திரியில பாருங்க. கடைசி வண்டி எத்தனை மணின்னு தரகர்கிட்ட கேக்காதீங்க, டீக்கடையில கேளுங்க.

ரயிலை நம்பி பாம்பன், தங்கச்சிமடம்னு போனவங்க பழைய பாம்பன் பாலத்துல ரயில் நின்ன டிசம்பர் 2022-லிருந்து புதுப் பாலம் திறந்த 6 ஏப்ரல் 2025 வரைக்கும் பஸ்லதான் கெடந்தாங்க.

வடகடல்
அதே தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வீடு பாத்தா 20 நவம்பர் 2024 அன்னைக்கு தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கேளுங்க. ராமேசுவரத்துல அன்னைக்கு ஒரே நாள்ல 400 மி.மீ.க்கு மேல. ஆளுங்க மறந்தாலும் சுவர் மறக்காது. பீரோ கால், நிலைப்படி அடிக்கட்டை, சுவிட்ச் போர்டுக்குக் கீழ உள்ள பூச்சு, இதைப் பாருங்க. முட்டி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தா அது அழகுக்கு ஒட்டினது இல்ல.

மழைன்னதும் ஒரு கணக்கு. 600 சதுர அடி ஓட்டுல 100 மி.மீ. மழை விழுந்தா 5,500 லிட்டர், சிந்தினது போக 4,000-க்கு மேல தேறும். முதல் மழையை வெளிய விட்டுரணும், கூரையில கடல்காத்து விட்ட உப்பு இருக்கும்.

பனங்காடு
வடகடல், பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க. ஒன்றரை ஹெச்பிதான். வீடு இன்னும் விக்கல. போன வாரம் தண்ணி பத்தலன்னு 2 ஹெச்பி மாத்தியிருக்காங்க.