மறு: ஓபியாய்டு – ‘போதை வலிநிவாரணி’ வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மார்ஃபின் போன்ற வலிமருந்துகளின் இனத்தைக் குறிக்கும் ‘ஓபியாய்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுமத்தில் கேட்டதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: போதை வலிநிவாரணி, அபினிப்போலி, அபினியம், வன்வலிநீக்கி. வலித்தணிப்பு சிகிச்சை பெறுகிறவர்களுக்கான கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதல் சொல்லை மட்டும் நம் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.

வாய்ப்புற்று முற்றிய ஒரு பெரியவரின் மகள், மார்ஃபின் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இது போதை மருந்தாமே, அப்பாவுக்குக் கொடுத்துப் பழக்கிடலாமா?” அந்தப் பெரியவர் வலியில் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர். மாத்திரை வீட்டில் இருந்தும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், பெயருக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டத்திலேயே ‘போதை’ என்றுதானே இருக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் வந்தபின், உரிமம் வாங்குவதிலிருந்த சிக்கலால் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. மருந்துக்கான அபினை முறையாகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாட்டில்தான் இந்த நிலை. மருத்துவத் தேவைக்கு வழிவிட 2014இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உரிமம் கொடுப்பவருக்கு வேண்டிய சொல் வேறு, மாத்திரை விழுங்குகிறவருக்கு வேண்டிய சொல் வேறு.

வலிக்காகச் சரியான அளவில் மார்ஃபின் எடுப்பதென்பது கிறங்கிக் கிடப்பதல்ல. சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. நள்ளிரவில் எழுப்ப வேண்டாமென்று இரவு வேளைக்கு மட்டும் இரட்டிப்பு அளவு கொடுக்கும் வழக்கம் உண்டு. கூடவே மலமிளக்கி கட்டாயம், ஏனென்றால் ஆரம்பத்தில் வரும் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் சில நாளில் குறையும், மலச்சிக்கல் குறையாது. வலி வந்தபின் கொடுப்பதல்ல, வருமுன் கொடுப்பது. இடையில் வலி மருந்தையும் மீறிக்கொண்டு எழும்பினால் அதற்குத் தனியாக ஒரு வேளை. இந்த இடைவலியை ‘ஊடுருவு வலி’ என்று சிலர் எழுதுகிறார்கள். புற்று ஊடுருவியதால் வரும் வலி என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? ‘மீறுவலி’ போதும், சொன்னவுடன் புரிகிறது.

அபினிப்போலி வேண்டவே வேண்டாம். ‘போலி மருந்து’ என்றால் நம் ஊரில் கள்ள மருந்து. ‘அபினியம்’ ஒரு கொள்கையின் பெயர்போல ஒலிக்கிறது.

‘வன்வலிநீக்கி’யைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலருக்கும் அது பிடித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் வகுத்தது: முதலில் பாராசிட்டமால் போன்றவை, அடுத்து கோடீன், அதற்கு மேலே மார்ஃபின். இரண்டாம் படியில் இருக்கும் கோடீனும் ஓபியாய்டுதான், ஆனால் வலு குறைந்தது. அதை எப்படி ‘வன்’ என்பது? இதைவிடப் பெரிய சிக்கல், எல்லா வலிக்கும் இதே ஏணி என்று அந்தச் சொல் எண்ண வைக்கும். தலைவலி தாங்கவில்லையா, வன்மருந்து கொடு என்று தோன்றும். ஒற்றைத் தலைவலிக்கு ஓபியாய்டு நல்ல தேர்வே அல்ல. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் அதை எடுத்தால் அந்த மருந்தே தலைவலியை வரவழைக்கும். வெறும் பாராசிட்டமாலுக்கு அந்த வரம்பு 15 நாள். இதற்கு ‘மருந்துமிகைத் தலைவலி’ என்று பெயர் வைப்போம். ‘மருந்து அடிமைத் தலைவலி’ என்றால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம்.

நாள்பட்ட வலியிலும் இதே கதைதான். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்வதில் ஓபியாய்டு எடுத்தவர்கள், ஓபியாய்டு அல்லாத வலிமருந்து எடுத்தவர்களைவிட மேலாக இல்லை, வலி அளவிலோ மற்ற மருந்து எடுத்தவர்களே சற்று நன்றாக இருந்தார்கள். முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும் நரம்புவலிக்கு முதலில் கொடுப்பது வலிப்பு நோய்க்கான கார்பமசெபின். சர்க்கரை நோயில் கால் எரியும் வலிக்கு மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின், அதுவும் குறைந்த அளவில். எதற்கு எது என்பதுதான் கேள்வி, எது வலியது என்பதல்ல.

ஆகவே வலுவை வைத்துப் பெயரிடாமல் இனத்தை வைத்துப் பெயரிடுவோம்: அபினின வலிநீக்கி. மார்ஃபின் அபினிலிருந்தே வருகிறது. ஃபென்டனில், மெத்தடோன் போன்றவை ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. ஆனால் எல்லாமே உடலில் அதே ஏற்பிகளில், அதாவது செல்களில் மருந்து பிடித்துக்கொள்ளும் அதே இடங்களில், போய்த்தான் ஒட்டுகின்றன. ‘இனம்’ என்ற சொல் இந்த உறவைச் சொல்லிவிடுகிறது. அபின் என்ற பெயரும் பயமுறுத்துமே என்று கேட்பீர்கள். பாடநூலுக்கு அது இருக்கட்டும். நோயாளி கையேட்டில் ‘மார்ஃபின் வகை வலிமருந்து’ என்றே எழுதலாம், நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

அப்புறம், ஒன்று இன்னும் பிடிபடவில்லை. நாளாக நாளாக அதே அளவு மருந்து முன்புபோல் வேலை செய்யாமல் போவதை ‘மருந்துப் பழக்கம்’ என்று எழுதினால், குடிப்பழக்கம் என்பதுபோல் ஆகிவிடுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் தவிப்பது இன்னொன்று, அதற்கு ‘உடற்சார்பு’ பொருந்தும். கேடு என்று தெரிந்தும் விடமுடியாமல் தேடுவதே அடிமைநிலை. இந்த மூன்றும் மூன்று சொற்களாகப் பிரிந்தாக வேண்டும். முதலாவதற்கு ‘மருந்து ஈடுமங்கல்’ என்று யோசித்தேன், நாக்கில் ஒட்டவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் வார்டில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.