லாபியிங் = அவைத்தூது?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். ஓசூரில் தொழிற்சங்க நண்பர்கள் சிலருக்காகப் பழைய அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். படத்துக்குப் படம் 'லாபியிங்' என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறேன். சட்டம் இயற்றுபவர்களைப் போய்ப் பார்த்து, தம் பக்கம் முடிவெடுக்க வைக்கப் பேசுவதுதான் அது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நேற்று நம் குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்:

> 'சட்டமன்றத் தரகு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். மாடு யார் வீட்டுக்குப் போனாலும் அவருக்குத் தரகு வந்தால் சரி. லாபி செய்பவரோ ஒரு பக்கத்து ஆள். அதோடு, தரகு என்றதுமே பணம் கை மாறிவிட்டது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். 'அழுத்தக் குழு' வழக்கில் இருக்கிறது, ஆனால் அது குழுவின் பெயர், செயலின் பெயர் அல்ல. 'ஆதரவு திரட்டல்' ஓட்டுக் கேட்பதற்கும் பொருந்திவிடும்.

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதுதான் என் கவலை. 1889இல் ஜோசப் கெப்ளர் 'பக்' என்ற அமெரிக்கக் கேலி இதழில் வரைந்த படத்தில், அமெரிக்க செனட்டர்கள் பொடிப்பொடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏகபோக நிறுவனங்கள் பணமூட்டை வயிற்றோடு நிற்கின்றன. மக்கள் நுழைய வேண்டிய கதவு அடைத்துக் கிடக்கிறது. பிற்காலப் படங்களில் அதே இடத்துக்குச் சுருட்டுப் பிடிக்கும் சங்கத் தலைவர் வந்தார். அவர் சட்டைப்பைக்குள் ஒரு சட்டமன்ற உறுப்பினர். கம்பெனிக்காரர் போய்ப் பேசினால் 'ஆலோசனை', சங்கக்காரர் போய்ப் பேசினால் 'மிரட்டல்' என்று நான் குறிப்பு எழுதலாமா? ஓவியர் ஒரு பக்கம் சாயலாம், அது அவர் உரிமை. கலைச்சொல் சாயக் கூடாது.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் எதிர்த்தன. 24ஆம் தேதி அமைச்சர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிற ஒருவருக்கு இதன் அருமை தெரியும். தெருவில் நடந்ததைப் போராட்டம் என்கிறோம். அந்த அறைக்குள் சங்கங்கள் பேசியதற்குத்தான் பெயர் இல்லாமல் இருக்கிறது.

என் பரிந்துரை: அவைத்தூது.

அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் ஔவையார். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, நெய் பூசி, காவலுள்ள வீட்டில் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் (புறநானூறு 95). போரில் எவருடைய வேல் உழைத்தது என்பதைக் காட்ட அந்த இரண்டு காட்சிகளே போதும். கேலிச்சித்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. தூது போனவர் முடிவெடுப்பவர் அல்ல, முடிவெடுப்பவரின் மனத்தை மாற்றப் போனவர். லாபி செய்பவருக்கும் அவையில் ஓட்டு கிடையாது. லாபி என்ற பெயரே அவையை ஒட்டிய கூடத்திலிருந்து வந்தது என்பதால் 'அவை' முன்னால் நிற்பதும் பொருத்தம்.

லஞ்சம் கொடுத்துப் பேசினால்? அப்போது லஞ்சம் என்றே எழுதலாம், அதற்குச் சொல் இருக்கிறது.

ஆளைக் குறிக்க 'அவைத்தூதர்' என்றால் வெளிநாட்டுத் தூதர் நினைவுக்கு வருகிறது. 'அவைத்தூதுவர்' கொஞ்சம் நீளம். கெப்ளர் படத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "அவைத்தூது வந்தவர்கள் அவையையே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்." ஆளுக்கு எந்த வடிவம் என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் குறிப்புகளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து