பறை, உடுக்கை, பேட்டி: ஒரே பதிவை ரேடியோவுக்கும் யூடியூபுக்கும் எப்படிங்க எடுக்கறது?

நொய்யல்கரை:

பெருந்துறைப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில எங்களுக்கு வாரம் அரை மணி நேரம் குடுத்திருக்காங்க. உள்ளூர்க் கலைஞர்களைப் பேட்டி எடுத்து, அவங்க பாட்டு, வாசிப்பையும் சேர்த்துப் போடணும். அதுவே வீடியோவா யூடியூபுக்கும் போகணும். ஆளு ரெண்டே பேர்தானுங்க.

கையில இருக்கறது: ரெண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஜூம் எச்5 ரெக்கார்டர், ரெண்டு எஸ்எம்58 மைக், ஒரு செட் ஒயர்லெஸ் காலர் மைக், ரெண்டு ட்ரைபாடு. முதல்ல காங்கயம் பக்கத்து உடுக்கைப் பாட்டுக்காரர், அடுத்து ஒரு பறைக் குழு, அதுக்கப்புறம் வள்ளி கும்மி. பதிவு பண்ற ஊட்டுக்கு நாலு வாசல் தள்ளி விசைத்தறி ஓடுது. மைக்கை எங்க வெக்கறது, படம் எப்படி எடுக்கறது, சட்டப்படி கவனிக்க வேண்டியது என்ன? தெரிஞ்சவங்க விவரமாச் சொன்னா நல்லதுங்க.

தறிமேடை:

ஒலிதான் மூலம், படம் அதும்மேல ஒட்டறதுன்னு மொதல்லயே வெச்சுக்கங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஆளுங்க பொறுத்துப் பார்ப்பாங்க. பேச்சு புரியலைன்னா ரேடியோவுல மிச்சம் ஒண்ணுமே இல்லை. போன்ல பதிவாகற சத்தம் பின்னால படத்தோட பொருத்தறதுக்கு மட்டும். மத்தது பூராவும் ரெக்கார்டர்ல, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பா எடுங்க. ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், நாலு டிராக்னா ரெண்டு.

உடுக்கைக்குக் காலர் மைக் ஆகாதுங்க. ஒரு கையில புடிச்சு மறுகையில அடிக்கறப்ப கை நெஞ்சுக்குக் குறுக்க வந்துட்டே இருக்கும். மைக்கு துணியில உரசி பாட்டு பூராவும் கரகரன்னு வரும். ரெண்டு எஸ்எம்58ஐயும் ஸ்டாண்டுல வைங்க. ஒண்ணு வாய்க்கு ஒரு சாண் தூரம், நேர் எதிரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. இன்னொண்ணு உடுக்கைக்கு ஒரு அடி ஒன்றரை அடி தள்ளி, அடிக்கற முகத்தைப் பார்த்தாப்பல. இடுப்புக் கயித்தை அமுக்கி விடறப்பதான் உடுக்கையோட சுதி ஏறி இறங்கும். அந்த வளைவு கேக்கலைன்னா அது வெறும் டப்பாச் சத்தம். பாடகர் தலையை ஆட்டிட்டேதான் பாடுவார், நேரா நில்லுங்கன்னு சொல்லிராதீங்க. சொன்னா பாட்டு செத்துரும்.

பறைக்கு வேற கணக்கு. எஸ்எம்58 எவ்வளவு சத்தத்தையும் தாங்கும், சத்தம் உடைஞ்சு கரகரக்கறது ரெக்கார்டரோட உள்ளீட்டுலதான். அதனால கெயினை (உள்ள வர்ற சத்தத்தோட அளவை) குறைச்சா சரியாயிரும். காலர் மைக்குல அந்தச் சின்னக் கண்டென்சர்லயே கிட்டத்துச் சத்தம் உடைஞ்சுரும், அதுக்கப்புறம் கெயினைக் குறைச்சுப் பிரயோசனமில்லை. ரெக்கார்டர்ல இருக்கற எக்ஸ்-ஒய் மைக்கை 8, 10 அடி தள்ளி, தலை உசரத்துக்கு மேல வெச்சா குழு முழுக்கக் கிடைக்கும். லெவல் பார்க்கறப்ப "சும்மா அடிங்கண்ணா"ன்னு சொன்னா மெதுவாத்தான் அடிப்பாங்க. ஆட்டம் சூடானா 10 டெசிபல் கூட ஏறும். அதனால சோதனையில ரெக்கார்டர் மீட்டர் மைனஸ் 20 டெசிபலுக்கு மேல போகாம வைங்க. பேச்சுக்கு மைனஸ் 12 போதும்.

தோலைத் தீயில காட்டிச் சூடேத்தித்தான் அடிப்பாங்க. ஒரு மணி நேரம் பேட்டி பேசிட்டு அப்புறம் அடிக்கச் சொன்னா தோல் தொய்ஞ்சு பொத்துப் பொத்துன்னு வரும், ஐப்பசி ஈரத்துல இன்னும் சீக்கிரம். வாசிப்பை முதல்ல எடுத்துட்டு பேச்சை அப்புறம் வைங்க. இல்லைன்னா வைக்கோலும் இடமும் தயாரா இருக்கட்டும்.

தறிக்கு: எஸ்எம்58 பின்பக்கம் சத்தம் வாங்காது. மைக்கோட வால் தறிப்பக்கம் இருக்கறாப்பல ஆளை உக்கார வெச்சு, வாய்க்கு நாலு விரல்கடை தூரத்துல புடிங்க. காலர் மைக் எட்டுத் திக்குலயும் கேக்கும், அந்த ஊட்டுல அது வேண்டாம். சாஃப்ட்வேர்ல தறிச்சத்தத்தை எடுத்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபேன் மாதிரி ஒரே சீராப் போற இரைச்சலுக்குத்தான் ஆடாசிட்டியோட இரைச்சல் நீக்கி வேலை செய்யும். தடக்குத் தடக்குன்னு வெட்டி வெட்டி வர்றது போகாது, கூடவே சலங்கையையும் "ச"வையும் தின்னுபோடும். போட்டே ஆகணும்னா 6 டெசிபலோட நிறுத்திக்கங்க.

கடப்பாக்கல், டைல்ஸ் போட்ட ரூம்னா எதிரொலி அடிக்கும். தரையில பவானி ஜமக்காளம் விரிச்சு, பேசறவருக்கு எதிர்ச் சுவத்துல சென்னிமலைப் போர்வை ரெண்டை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்க விடுங்க. சுவத்தோட ஒட்டிக் கட்டினா பாதிப் பலன்தான். வெளிய எடுக்கறதா இருந்தா ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பல்லடம், உடுமலை வரைக்கும் பிச்சுக்கிட்டு வரும். பஞ்சு உறை தாங்காது, முடி வெச்ச உறை வாங்கிருங்க. ரெக்கார்டர்ல லோ-கட் (அடி இரைச்சலை வெட்டற வசதி) 80 ஹெர்ட்ஸ் போடுங்க, பறை அடிக்கறப்ப மட்டும் எடுத்துருங்க.

ஒளிப்பெட்டி:

மேல சொன்னது அத்தனையும் சரி. படத்துக்கு நான் சொல்றேன்.

நம்மூரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போன் தானா 30 ஃப்ரேம்ல எடுத்து ஷட்டரைத் தன் இஷ்டத்துக்கு மாத்தும். டியூப்லைட், மலிவு எல்இடி வெளிச்சத்துல படத்துக்குக் குறுக்கால பட்டை பட்டையா ஓடும், பின்னால அதை எடுக்கவே முடியாது. மேனுவல் கேமரா ஆப் போட்டு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ன்னு பூட்டிருங்க. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் பூட்டணும். இல்லைன்னா வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் குறுக்க போனாலே படம் பூராவும் இருட்டாகித் தெளியும்.

போன் படத்தோட ஃப்ரேம் வேகம் நிலையா இருக்காது. அதனால 40 நிமிசம் ஓடினதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போயிரும். எடிட்டிங்குக்கு முன்னால ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல போட்டு நிலையான 25க்கு மாத்திக்கங்க. ஆரம்பத்துல ஒரு கைதட்டு, முடிவுல ஒரு கைதட்டு, ரெண்டும் ரெண்டு போன்லயும் தெரியற மாதிரி. முடிவுத் தட்டு இருந்தாத்தான் எவ்வளவு நழுவியிருக்குன்னு அளக்க முடியும். பெரும்பாலானவங்க அதை விட்டுட்டு அப்புறம் கண்ணாலயே இழுத்து இழுத்துப் பொருத்திட்டிருப்பாங்க.

போன் ரெண்டையும் ஏரோபிளேன் மோடுல போடுங்க, நடுவுல கால் வந்தா பதிவு நின்னுரும். 1080ல மணிக்கு 8 ஜிபி பக்கம் புடிக்கும். சித்திரை வெயில்ல போனை நேரா வெச்சா சூடாகித் தானா அணைஞ்சுரும், ஒரு குடை போதும். ஒரு போன் இருவரும் தெரியற அகலக் காட்சி, ஆடாம நிக்கட்டும். இன்னொண்ணு கைக்கு. முகத்தைவிட விரல்தான் முக்கியம்: உடுக்கையில விரல், பறையில ரெண்டு குச்சி, கும்மியில பாதம்.

வானொலி மேசை:

நிலையத்துப் பக்கம் இருந்து சில விசயம்.

சமுதாய வானொலியில சொந்தமாச் செய்தி போட அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால கலைஞர் பேச்சுவாக்குல கட்சி, தேர்தல்னு போனா அந்தப் பகுதியை யூடியூபுக்கு வெச்சுக்கங்க, வானொலிப் பிரதியில வெட்டிருங்க. நலத்திட்டம் பேசறதுல தடையில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல எப்படிப் பதியறதுன்னு ரெண்டு நிமிசம் சொன்னா அதுக்கே போன் வரும். ஒலிபரப்பான எல்லாத்தையும் 3 மாசம் வெச்சிருக்கணும்னு நிலையத்துக்கு விதி இருக்கு. அதுக்கப்புறம் அழிச்சுருவாங்க, உங்க மூலப் பதிவை நீங்கதான் காப்பாத்தணும்.

கலைஞர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல நிகழ்த்துநருக்குன்னு தனி உரிமை இருக்கு, 50 வருசம் நிக்கும். பாட்டு பரம்பரைப் பாட்டா இருந்தாலும் அவர் பாடினதுல அவருக்கு உரிமை இருக்கு. வானொலி, யூடியூப், துண்டு வீடியோ மூணையும் தனித்தனியா எழுதி, படிச்சுக் காட்டி அப்புறம் கையெழுத்து வாங்குங்க. கோயில் நோம்பியில எடுத்தா பின்னால குழாய் ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு ஓடும். அது 10 செகண்டு இருந்தாலே யூடியூப் புடிச்சு வருமானத்தை வேற ஆளுக்குத் திருப்பி விட்டுரும்.

ஒலிக்கலவை ரெண்டு பண்ணணும். யூடியூபுக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேக்கற சராசரிச் சத்தத்தோட அளவு) வெச்சா போதும், அதுக்கு மேல போனா அவங்களே இறக்கிருவாங்க. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கூர்மையான, உயர் அதிர்வெண் சத்தங்களைத் தானா ஏத்தி அனுப்பும். சலங்கை, ஜால்ரா அதுல மாட்டுனா ஸ்ஸ்ஸுன்னு கீறும். வானொலிப் பிரதியில 6லிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் 2, 3 டெசிபல் இறக்கிருங்க. வாசிப்பு பேச்சைவிட 4 டெசிபலுக்கு மேல உசந்தா நிலையத்து லிமிட்டர் (சத்தம் அளவு மீறாமப் பிடிக்கற கருவி) அமுக்கும், பொறவு வர்ற பேச்சு கொஞ்ச நேரம் அமுங்கியே கேக்கும். மோனோல ஒருவாட்டி கேட்டுப் பாருங்க, கேக்கறவங்கள்ல பாதிப்பேர் ஒத்தை ஸ்பீக்கர்லதான் கேக்கறாங்க.

அரை மணின்னா பொருள் 27, 28 நிமிசந்தான். வணக்கம் சொல்லி ஆரம்பிக்காதீங்க, 20 செகண்டு உடுக்கையோட ஆரம்பிங்க. 7, 8 நிமிசத்துக்கு ஒருக்கா "நம்மகூடப் பேசிட்டிருக்கறவர்"னு பேரையும் ஊரையும் சொல்லணும். ரேடியோவுல பாதியில வந்து சேர்றவங்கதான் அதிகம். அவர் "இதா இப்படி"ன்னு கையில காட்டினா, நீங்க உடனே "இடுப்புக் கயித்தை அமுக்கறீங்க, சரிங்களா"ன்னு வாயால சொல்லிருங்க. வீடியோ பார்க்கறவங்களுக்கு அது கொஞ்சம் உபரிதான், இருந்துட்டுப் போகட்டும்.

வேப்பஞ்சட்டம்:

கருவியைப் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு, ஆளைப் பத்தி ரெண்டு.

"உங்க கலைப் பயணத்தைச் சொல்லுங்க"ன்னு கேட்டா ரெண்டு வரியில முடிஞ்சுரும். பறையோட அடிக்குச்சி எந்த மரம், சிண்டுக்குச்சி எவ்வளவு நீளம், கத்துக்கிட்ட மொத அடி எது, அடிச்சுக் காட்டுங்கன்னு கேளுங்க, பேச்சு தானா வரும். சாவு மேளம் அடிக்கறதைப் பத்தி நேரா மைக்குல கேக்காதீங்க. அதை வேண்டாம்னு விட்ட குழுக்கள் நிறைய. மொத நாளே தனியாக் கேட்டு, அவங்க சரின்னா மட்டும் கேளுங்க. சாதியைக் கேக்க வேண்டியதே இல்லை. நீங்க நாற்காலி, அவங்க பாய்னு படத்துல வரவே கூடாது, ரெண்டு பேரும் ஒரே உசரத்துல உக்காருங்க. சின்ன வயசா இருந்தாலும் "ங்க" போட்டுத்தான் பேசணும்.

உடுக்கைக்காரர் அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) பாடறவரா இருந்தா, எந்தப் பகுதியைப் பாடறதுன்னு அவரே முடிவு பண்ணட்டும். படுகளக் கட்டத்தை, அதாவது அவங்க போர்க்களத்துல சாகற பகுதியை, நினைச்ச இடத்துல பாட மாட்டாங்க. பாட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவும் மாட்டாங்க, கேக்கறவங்களுக்கு அருள் வர்றதும் உண்டு. முழுக் கதையும் பல ராத்திரிக்குப் போகும். 1965இல் காங்கயம் வட்டாரத்துல மானிடவியலாளர் பிரெண்டா பெக் பதிவு செஞ்சப்பவும் இரவு இரவாத்தான் எடுத்தாங்க. உங்க 28 நிமிசத்துக்குத் தொடக்க வணக்கமும் ஒரு வேட்டைக் காட்சியும் போதும்.

காசு குடுத்துருங்க. பேட்டிதானேன்னு கூப்பிட்டா அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. போக்குவரத்து தனி.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. காலர் மைக்கை இந்த வரிசையில எங்கதான் பயன்படுத்தறது? கும்மிக்கு 60 பேர் வர்றாங்க, ஆசிரியர் மைக் புடிச்சுப் பாடறார், ஆம்ப்ளிஃபையர் அவங்களுது.

தறிமேடை:

கும்மி ஆசிரியர் ஆடிட்டே பாடறவர்னா அவருக்குத்தான் காலர் மைக். ஆனா ரிசீவரை அவர் கண்ணுக்குத் தெரியற இடத்துல வைங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டா இருந்தா அது உடம்பைத் தாண்டாது, 60 பேர் சுத்தி வர்றப்ப அறுந்து அறுந்து வரும். அதைவிட நம்பகமானது அவங்க மிக்சர்ல இருந்து லைன்-அவுட் எடுக்கறது. ரெக்கார்டர்ல மைக் உள்ளீட்டுல நேரா சொருகினா சத்தம் உடையும், முதல்ல பேடை (சத்தத்தைக் குறைக்கற ஸ்விட்சை) போட்டுக் கெயினைச் சுழிக்கு இறக்கிட்டுச் சொருகுங்க. ஆம்ப்ளிஃபையரோட ஸ்பீக்கர் முனையில இருந்து எக்காரணம் கொண்டும் எடுக்காதீங்க, ரெக்கார்டர் போயிரும். உர்ருன்னு 50 ஹெர்ட்ஸ் சத்தம் வந்தா ரெக்கார்டரைச் சார்ஜர்ல இருந்து கழட்டிப் பேட்டரியில ஓட்டுங்க.

லைன்ல வர்றது அவர் குரல் மட்டும். கைதட்டும் கால் அடியும் அதுல இருக்காது, அது இல்லைன்னா கும்மியே இல்லை. எக்ஸ்-ஒய் மைக்கை வட்டத்துக்கு வெளிய, ஸ்பீக்கருக்குப் பின்பக்கமா, முழங்கால் உசரத்துல வைங்க. எடிட்டிங்ல அந்த டிராக்கைத்தான் மேல தூக்கணும், குரல் அதுக்குள்ள உக்காரட்டும். தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ குடுத்த பொறவு கும்மி வீடியோ யூடியூப்ல ஏகப்பட்டது வந்திருக்கு. முக்கால்வாசியில கால் சத்தம் கேக்காது.