புதுப்பிப்பு: வேலூரில் சின்னப் பிள்ளைகளோடு செலவில்லாமல் எங்கே போகலாம்?

நாலு வயதும் இரண்டு வயதுமான பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை காசில்லாமல் எங்கே போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கோட்டை. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அரசு அருங்காட்சியகத்துக்கு மட்டும் சிறு தொகை உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. அகழித் தண்ணீரை விட்டு இரண்டும் நகரவில்லை. மதில் மேல் போனால் சின்னவர் கையை விடவே கூடாது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகள் பெரியவளுக்குப் பிடித்தன.

ஸ்ரீபுரம் பொற்கோயிலில் தரிசனம் இலவசம்தான். ஆனால் நட்சத்திர வடிவப் பாதையில் நடக்க வேண்டிய தூரம் அதிகம், பாதி வழி இடுப்பில்தான்.

நிஜமாகவே கைகொடுத்தது, ஒருவர் போகிற போக்கில் சொன்ன விரிஞ்சிபுரம். பெங்களூரு சாலையில் சுமார் 15 கி.மீ. மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் மணி காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால், செதுக்கியிருக்கும் எண்ணில் நிழல் விழும். பெரியவள் குச்சியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சிங்க முகத்துக்குள் நுழைந்து இறங்கும் சிம்ம தீர்த்தத்தை வெளியிலிருந்தே காட்டினோம்.

எதிர்பாராதது: மேகம் மறைத்தால் மணி தெரியாது. வெயில் ஏறினால் கல்தரை சுடுகிறது, மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். காலையிலேயே போங்கள், அப்புறம் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள். செலவு? பஸ் காசு மட்டும்தான்.