மாசைக் கண்டால் ஒளிரும் பாக்டீரியா: குப்பிக்குள் மட்டுமா, மண்ணிலும் விடலாமா?

நீரோட்டம்:
ஆர்சனிக் கலந்த நீருக்குத் தனி நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. பல ஆண்டுகள் குடித்தபின் உள்ளங்கைத் தோல் தடித்து, உடம்பில் கரும்புள்ளிகள் தோன்றும்போதுதான் கிணற்றின்மேல் சந்தேகம் வருகிறது. மனிதர் அத்தனை ஆண்டு கழித்து அறிவதை ஈ.கோலை பாக்டீரியா அந்த நீரில் விழுந்ததுமே உணரத் தொடங்குகிறது. அதனுள் ஆர்ஸ்-ஆர் என்ற புரதம் ஒரு மரபணு வரிசையின் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட் உள்ளே வந்து அந்தப் புரதத்தோடு ஒட்டியதும் பிடி தளர்கிறது, வாசல் திறக்கிறது, நஞ்சை வெளியே தள்ளும் பம்ப்பைப் பாக்டீரியா உருவாக்கத் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் அதே வாசலுக்குப் பின்னால் ஒளி தரும் மரபணுவைச் சேர்த்துவிட்டார்கள். நஞ்சு வந்தால் விளக்கு எரியும்.

வியட்நாமின் நிலத்தடி நீரில் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2005-இலேயே வெளிவந்தது. வங்கதேசக் கிணறுகளிலும் பின்னர் சோதித்தார்கள். ஓரிரு மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. இத்தனை காலம் கழிந்தும் இது கிணற்றடிக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நீரோடு நிற்காமல் மண்ணிலும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

அளவுகோல்:
நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மறுப்பவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. வங்கதேசத்தின் சட்டபூர்வ வரம்பு 50. ஒரு கிணற்றை மூடச் சொல்வதும் தொடர்ந்து குடிக்கச் சொல்வதும் இந்த எண்களை வைத்துத்தான். எங்கள் கருவி எண்ணைத் தருகிறது. உங்கள் பாக்டீரியா வெளிச்சத்தைத் தருகிறது. அந்த வெளிச்சமோ வெப்பநிலையைப் பொறுத்து மாறும், பாக்டீரியாவின் வளர்ச்சி நிலையைப் பொறுத்து மாறும், நீரிலுள்ள மற்ற உப்புகளைப் பொறுத்தும் மாறும். ஆன்டிமனி என்ற வேறொரு தனிமம் இருந்தாலும் அதே புரதம் பிடியை விடும்.

இவற்றைக்கூடத் திருத்திக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறொன்று. நீரில் நஞ்சு மிகுந்தால் பாக்டீரியாவே செத்துவிடும். செத்த பாக்டீரியா ஒளிராது. ஒளி இல்லை என்றால் நீர் நல்லது என்றுதானே பொருள்கொள்வார்கள்? மிக மோசமான நீருக்கு மிக நல்ல சான்றிதழ் கிடைக்கும் முறையை எப்படி ஒரு குடும்பத்தின் கையில் கொடுப்பது?

நீரோட்டம்:
நீங்கள் சொன்ன ஆபத்து உண்மையானது. அதற்கு விடையும் உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் இன்னொரு குப்பியில் அதே நீரை எடுத்து, அளவு தெரிந்த ஆர்சனிக்கைக் கலந்து பார்க்க வேண்டும். அந்தக் குப்பி ஒளிராவிட்டால் பாக்டீரியா செத்தது என்று தெரிந்துவிடும், முடிவை ஏற்கமாட்டோம். வேறொரு நிறத்தில் எப்போதும் ஒளிரும் மரபணுவை அதே பாக்டீரியாவில் சேர்ப்பதும் ஒரு வழி. அது அணைந்தால் உயிரில்லை.

உங்கள் கூடத்துக் கருவியோடு இதை ஒப்பிடுவதும் நியாயமில்லை. அந்தக் கருவி எத்தனை கிணறுகளைச் சென்றடைகிறது? களத்தில் இதற்குப் போட்டி நிறம் மாறும் தாள்தான். அந்தச் சோதனை ஆர்சனிக்கை ஆர்சைன் வாயுவாக்கி, பாதரச புரோமைடு தடவிய தாளில் பிடிக்கிறது. வாயுவும் நஞ்சு, தாளும் நஞ்சு. மஞ்சளா பழுப்பா என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அளவுகோல்:
தாள் முறையின் குறையை மறுக்கமாட்டேன். மாலை மங்கலில் ஒரே தாளைப் பார்த்து நானும் உடன் வந்தவரும் வெவ்வேறு எண்ணைச் சொன்ன அனுபவம் எனக்கே உண்டு. அன்று அந்தக் கிணற்றுக்காரரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். கட்டுப்பாட்டுக் குப்பியோடு செய்தால், முதற்கட்ட வடிகட்டலுக்கு உங்கள் முறையை ஏற்கிறேன். ஒளிர்ந்தவற்றையும் எல்லைக்கோட்டில் நிற்பவற்றையும் கூடத்துக்கு அனுப்புங்கள். மண்ணில் எதற்கு என்பதுதான் புரியவில்லை.

நீரோட்டம்:
மண்ணில்தான் இதன் அருமையே இருக்கிறது! நீங்கள் மண்ணை அமிலத்தில் கரைத்து மொத்த ஆர்சனிக்கை அளக்கிறீர்கள். அதில் பெரும்பங்கு இரும்பு ஆக்சைடுகளோடு இறுகப் பிணைந்து கிடக்கலாம். வேர் அதை எளிதில் எடுக்காது, மண்புழுவுக்கும் அது எட்டாது. ஒரே மொத்த அளவுள்ள இரண்டு நிலங்களில் ஒன்றில் பயிர் நஞ்சை உறிஞ்சும், மற்றதில் அவ்வளவாக உறிஞ்சாது. பாக்டீரியா தன் உடலுக்குள் புகுந்ததை மட்டுமே சொல்கிறது. ஓர் உயிருக்கு எட்டும் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை இன்னோர் உயிரிடம் கேட்பதைவிட நேரான வழி எது?

வேலியோரம்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "மண்ணிலும் இதைப் பயன்படுத்த வேண்டும்" என்ற சொல் என்னைப் பேச வைக்கிறது.

இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தினர் நாப்தலீன் என்ற மாசுப்பொருளைக் கண்டால் ஒளிரும் சூடோமோனாஸ் பாக்டீரியா வகை ஒன்றை உருவாக்கினார்கள், பெயர் எச்.கே.44. 1996-இல் ஓக் ரிட்ஜில், மண் நிரப்பிய பெருந்தொட்டிகளில், அரசு அனுமதியோடு விட்டார்கள். அது திறந்த வயல்கூட இல்லை. இரண்டாண்டு அளவில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. மாசு மண்ணில் திட்டுத்திட்டாகப் பரவியிருந்ததால் ஒளியை வைத்துத் துல்லியமாக அளப்பதும் கடினமாயிற்று.

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுக்களைக் கொடுத்து வாங்குகின்றன. ஆய்வகத்தில் உருவாக்கும் பல வகைகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு அடையாளத்துக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். அது மண்ணிலுள்ள வேறொரு பாக்டீரியாவுக்குப் போனால் யார் போய்த் திரும்ப வாங்குவது? ஆர்சனிக்கைத் தேடப் போய் மருந்துக்கு அடங்காத கிருமிக்கு வழி செய்யலாமா?

நீரோட்டம்:
எதிர்ப்பு மரபணு இல்லாமலும் வடிவமைக்க முடியும், வடிவமைக்கவும் வேண்டும். இதில் உங்களோடு எனக்குப் பிணக்கே இல்லை. தப்பினால் சாகும்படியும் செய்யலாம். 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், இயற்கையில் இல்லாத செயற்கை அமினோ அமிலம் கிடைத்தால் மட்டுமே வாழும் ஈ.கோலையை உருவாக்கிக் காட்டின. பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவாகவே தப்ப வேண்டும் என்ற அமெரிக்க வழிகாட்டு வரம்புக்குள் அவை எளிதாக அடங்கின.

வேலியோரம்:
அந்தச் சாதனையை மதிக்கிறேன். ஆனால் அந்த அமினோ அமிலத்தை மண்ணுக்கு யார் ஊட்டுவது? ஊட்டாவிட்டால் மாசை உணரும் பாக்டீரியாவான உணரி செத்துவிடும், ஊட்டினால் அது உணவு உள்ள இடமெல்லாம் வாழும்.

அளவுகோல் அவர்கள் எழுப்பிய கவலையும் இங்கே இன்னொரு வடிவில் திரும்புகிறது. ஒளிர்வது பாக்டீரியாவுக்குச் செலவு. திடீர் மாற்றத்தால் ஒளி மரபணுவை இழந்த ஒன்று, அந்தச் செலவு மிச்சமாகி வேகமாகப் பெருகும். ஆய்வகத்தில் அன்றன்று புதிதாக வளர்த்தால் இது பொருட்டில்லை. மண்ணில் மாதக்கணக்கில் விட்டால், ஒளிராதவையே மிஞ்சும். அப்போது விளக்கு அணைந்தது மாசு இல்லாததாலா, உணரி மாறிப்போனதாலா?

அளவுகோல்:
இதை நான் யோசிக்கவே இல்லை. கட்டுப்பாட்டுக் குப்பியைக் கூடத்தில் வைக்கலாம், வயல் முழுவதற்கும் எப்படி வைப்பது?

சிறுகுப்பி:
உயிரே இல்லாமல் செய்யலாமே? 2020-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் ரோசலிண்ட் என்ற முறையை வெளியிட்டார்கள். உணரும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தேவையான நொதியையும் மட்டும் குப்பியில் உலர்த்தி வைக்கிறார்கள். ஒரு துளி நீர் விட்டால் போதும், மாசு இருந்தால் ஒளிரும். 17 வகைப் பொருள்களைக் கண்டறிய முடிந்தது. பெருகாது, தப்பாது, மரபணுவைப் பரப்பும் உயிரும் இல்லை.

நீரோட்டம்:
குடிநீருக்கு மிக நல்ல வழி, மனமார வரவேற்கிறேன். மண்ணுக்கு என்றால் நான் மேலே சொன்னதையே இழக்கிறோம். செல்சுவர் இல்லை, உள்வாங்கல் இல்லை. கரைசலில் இருப்பதை அது சொல்லும், உயிருக்குள் புகுவதைச் சொல்லாது.

வேலியோரம் அவர்களுக்கு ஒரு கேள்வி. ஹீப்ரு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் கண்ணிவெடி தேடும் ஈ.கோலையை ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளாலான சிறு மணிகளுக்குள் அடைத்து நிலத்தின்மேல் வைத்தார்கள். வெடிபொருளின் ஆவி பட்டதும் மணி ஒளிர்ந்ததை 20 மீட்டர் தொலைவிலிருந்து லேசர் கொண்டு கண்டார்கள். அதுபோல மணிகளை வலைப்பைக்குள் வைத்துப் புதைத்து, ஒரே நாளில் எடுத்து, எண்ணிச் சரிபார்த்து அழித்துவிட்டால்? பெருகி மாறுவதற்கும் காலம் இருக்காது.

வேலியோரம்:
மணி உடைந்தால் பாக்டீரியா வெளியே வரும், அதை மறக்காதீர்கள். எதிர்ப்பு மரபணு இல்லாத வகை, எண்ணி வைத்து எண்ணி எடுக்கும் மணி, எடுத்த பிறகு அந்த இடத்து மண்ணில் மிச்சம் உண்டா என்ற சோதனை. இந்த மூன்றும் இருந்தால், ஏற்கெனவே கெட்டுப்போன தொழிற்சாலை நிலத்தில் ஒருநாள் வைப்பதை எதிர்க்கமாட்டேன். விளைநிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் குப்பிக்குக் கொண்டுவாருங்கள், பாக்டீரியாவை அங்கே கொண்டுபோக வேண்டாம். ஓடும் நீரில் மணியை இடுவதற்கு என் பதில் இன்றும் மறுப்புதான்.

அளவுகோல்:
ஒரு பிடி மண்ணை நீரில் கலக்கி, வடிகட்டாமல் அப்படியே பாக்டீரியாவோடு சேர்த்தால் சேறு ஒளியை மறைக்கும். வடிகட்டினால் மண்துகளில் ஒட்டியதை இழப்போம். நீரோட்டம் அவர்களே, இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விரிவாக எழுதுங்கள். எங்கள் கூடத்தில் அமிலத்தில் கரைத்து அளந்த மண் மாதிரிகளின் மிச்சம் இருக்கிறது. அவற்றிலேயே இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.