பத்தியை மறைத்துவிட்டு எழுதுவதா, அடிக்கோடு போட்டுக் கோர்ப்பதா?

நெட்டெழுத்து:
ஆங்கிலத் தேர்வுக்கு சுருக்கம் எழுதப் பழகுறேன். எங்க சார் சொல்ற வழி: முக்கிய வரிகளுக்கு அடிக்கோடு போடு, ஒன்னோட ஒன்னு இணை, அங்கங்கே சொல்லை மாத்து, முடிஞ்சது. இன்னும் சிலர், படிச்சதும் பத்தியை மறைச்சுட்டு மனசுல நின்னதை எழுதுன்னு சொல்றாங்க. எதைப் பிடிக்கிறது?

இப்ப கையில இருக்கிற பத்தி இரவு விளக்குகள் பத்தினது. கடலாமைக் குஞ்சுகள்ல சில, வெளிச்சம் கூடுதலா இருக்கிற பக்கம்தான் கடல்னு நம்பி சாலைப் பக்கம் ஊர்ந்துடுது. இரவில் வலசை போற பறவைகள் ஒளிரும் கட்டடங்கள்ல மோதுது. பூச்சிகள் விளக்கையே சுத்துறதால ராத்திரி மகரந்தச் சேர்க்கை குறையுது. பிற்பாதி முழுக்கத் தீர்வு: விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புறது, தேவையில்லாதப்ப அணைக்கிறது. கேள்வி: செயற்கை வெளிச்சத்தால் விலங்குகளுக்கு ஏற்படும் தீங்குகளை 120 சொற்களுக்குள் சுருக்குக.

கத்தரிக்கோல்:
உங்க சார் சொல்றதுதான் சரி. தேர்வு நேரத்துல மனப்பாடப் பரிசோதனை எதுக்கு? கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவுல நடக்கிற சர்வதேசப் பள்ளித் தேர்வு) முதல்மொழி ஆங்கிலத் தாள்ல சுருக்கத்துக்கு 15 மதிப்பெண். அதுல 10 பத்தியைப் புரிஞ்சு கருத்தை எடுத்ததுக்கு, 5தான் எழுத்துக்கு. ஒரு கருத்து விட்டுப்போனா அதை நடை காப்பாத்தாது. பத்தியை மறைச்சா ஆமை ஞாபகம் இருக்கும், பறவை பறந்துடும்.

மறுவாசிப்பு:
கத்தரிக்கோல் சார், பேருக்கேத்த பதில்! நான் பல வருஷமா விடைத்தாள் திருத்துறவள். வெட்டி ஒட்டின சுருக்கம் முதல் ரெண்டு வரியிலேயே தெரிஞ்சுடும். மூலத்துல ஒரு வாக்கியம் முந்தின வாக்கியத்து மேல சாய்ஞ்சு நிக்கும். "இதனால்", "ஆனாலும்", "அவை"ன்னு ஆரம்பிக்கும். அதைப் பிடுங்கி வேற இடத்துல நட்டா, எதனால், எவைன்னு படிக்கிறவர் தேடணும். அந்தத் தாள்லயே முடிஞ்சவரை சொந்தச் சொற்கள்ல எழுதச் சொல்லியிருக்கு. அஞ்சு மதிப்பெண்தானேன்னு அதை உதறக் கூடாது.

நெட்டெழுத்து தம்பி, பத்தியை மறைக்கிறதுன்னா கடைசி வரைக்கும் திறக்காம இருக்கிறது இல்லை. முதல் வரைவுக்கு மட்டும் மறைங்க. அப்புறம் திறந்து, விட்டது என்னன்னு சரிபாருங்க.

கத்தரிக்கோல்:
சரிபார்க்க நேரம் யார் தருவா டீச்சர்? பிடிஇ அகாடமிக்னு வெளிநாட்டுப் படிப்புக்குக் கணினியில எழுதுற ஆங்கிலத் தேர்வு இருக்கே, அதுல சுருக்கத்துக்கு 300 சொல் வரைக்கும் ஒரு பத்தி, 10 நிமிஷம், ஒரே வாக்கியம். 75 சொல்லைத் தாண்டினாலோ ரெண்டாவது வாக்கியம் வந்தாலோ வடிவத்துக்கான மதிப்பெண் பூஜ்யம். பத்தி திரையிலேயே இருக்கு, வெட்டி ஒட்ட பொத்தானும் இருக்கு. அதை விட்டுட்டுக் கண்ணை மூடி யோசிக்கணுமா?

இன்னொன்னு. நினைவுல இருந்து எழுதுறவங்க மூலத்தையே மாத்திடுறாங்க. பத்தியில "சில குஞ்சுகள்"னு இருக்கும், சுருக்கத்துல "ஆமைக் குஞ்சுகள் அழிகின்றன"ன்னு வரும். "சில", "பெரும்பாலும்", "கூடும்" எல்லாம்தான் முதல்ல மறந்துபோகும்.

மறுவாசிப்பு:
அந்த ஆபத்து உண்மை, அதை ஒத்துக்கறேன். ஆனா பிடிஇ உதாரணம் எனக்குத்தான் சாதகம். ஒரே வாக்கியத்துல அடக்கணும்னா எது முதன்மை, எது காரணம், எது விளைவுன்னு தலைக்குள்ள தெளிவா இருக்கணும். மூணு வரியை எடுத்து நடுவுல "அண்ட்" போட்டா இலக்கணத்துலயும் அடி விழும்.

கடைசிவரிசை:
ரெண்டு பேரும் கேள்வியைப் படிச்சீங்களா? தீங்கு மட்டும்தான் கேட்டிருக்கான். பத்தியில பாதி தீர்வு. விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புறதை எவ்வளவு அழகா சுருக்கினாலும் அதுக்கு ஒன்னும் கிடைக்காது, 120ல சொல்தான் வீணாகும். முதல்ல கேள்வியைப் படிச்சு, அதுக்கு வேண்டாத பகுதியைப் பென்சிலால அடிச்சுட்டு அப்புறம் பத்திக்குள்ள போங்க. உங்க சண்டையெல்லாம் அதுக்குப் பிறகு.

நெட்டெழுத்து:
சொந்தச் சொல்னா எல்லாத்தையும் மாத்தணுமா? நான் கடலாமைக்கே வேற சொல் தேடிக்கிட்டு இருந்தேன்.

மறுவாசிப்பு:
வேண்டாம்ப்பா! ஆமை ஆமையாவே இருக்கட்டும். பேருக்கும் துறைச் சொல்லுக்கும் மாற்று தேடினா "ஓடுள்ள கடல் ஊர்வன"ன்னு போய் நிக்கும். மாத்த வேண்டியது வாக்கியத்தோட கட்டு. "குஞ்சுகள் திசை மாறுகின்றன"ன்னு மூலத்துல இருந்தா, வெளிச்சத்தை எழுவாயாக்கி "குஞ்சுகளைத் திசை மாற்றுகிறது"ன்னு எழுதலாம். கூடவே பறவையையும் அதே வாக்கியத்துல சேர்த்துக்கலாம், சொல்லும் மிச்சம்.

கத்தரிக்கோல்:
இதை எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா பாதிச் சண்டை குறைஞ்சிருக்கும். இதுவும் மூலத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யற வேலைதானே டீச்சர்?

நெட்டெழுத்து:
முயற்சி பண்ணினேன். ஆங்கிலத்துல எழுதினதோட பொருள் இது: "செயற்கை வெளிச்சம் சில ஆமைக் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது, வலசைப் பறவைகளைக் கட்டடங்களில் மோதவைக்கிறது, பூச்சிகளை விளக்கடியிலேயே நிறுத்திவைப்பதால் மகரந்தச் சேர்க்கையும் குறைகிறது." அடிக்கோடு போட்டேன், மறைச்சும் எழுதினேன்.

கடைசிவரிசை:
நல்லா வந்திருக்கு. ஆனா மகரந்தச் சேர்க்கை குறைஞ்சா நஷ்டம் செடிக்கு. கேள்வி விலங்குகளுக்கு வரும் தீங்கு. அதை வெட்டுங்க.

மறுவாசிப்பு:
அவசரப்படாதீங்க. பூச்சி விளக்கை விட்டு நகர முடியாம நிக்கிறது பூச்சிக்கு வந்த தீங்கு, அந்தப் பாதி இருக்கணும். செடி பத்தின வாலை மட்டும் வெட்டலாம்.

கத்தரிக்கோல்:
நான் வாலையும் விட்டுவைப்பேன். 120க்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கு, கூடுதலா ஒரு விளைவு சொன்னதுக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டாங்க.

கடைசிவரிசை:
குறைக்க மாட்டாங்கதான். ஆனா தேவையில்லாததைச் சேர்த்தா சுருக்கத் தெரியலைன்னு எழுத்துக்கான அந்த 5ல காட்டிடுவாங்க. டீச்சர், நீங்க திருத்தினா இதுக்கு என்ன போடுவீங்க?