புதுப்பிப்பு: டைமிங் செயின் சத்தம், எஞ்சினைப் பிரித்த பிறகு

காலையில் காரைக் கிளப்பியதும் இரண்டு மூன்று விநாடிகள் சங்கிலியை உலுக்குவதுபோல் சத்தம் வருகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன்; டைமிங் செயினை (கிராங்க் தண்டின் சுழற்சியோடு வால்வுகளை ஒத்து இயங்கவைக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்திருந்ததால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துவிட்டோம்.

பழைய செயினையும் புதியதையும் அருகருகே ஆணியில் மாட்டிப் பார்த்தபோது, பழையது நாலைந்து மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. இரும்பு நீண்டுவிடவில்லை, ஒவ்வொரு கண்ணியிலும் இணைப்பு ஊசியும் (பின்) அதைச் சுற்றியுள்ள குழலும் (புஷ்) தேய்ந்த தேய்மானம் சேர்ந்து வந்த நீளம் அது. செயினை ஓட்டும் பற்சக்கரமான கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தன. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியபோது, செயின் உரசி ஓடும் தடமான கைடு உடைந்து, அதன் பிளாஸ்டிக் துண்டுகள் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் சிக்கியிருந்ததைக் கண்டுதான் நான் உண்மையில் திடுக்கிட்டேன். இந்த டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது என்பதால், வலை அடைபட்டிருந்தால் புதியதைப் போட்டாலும் அது தளர்ந்தே நின்றிருக்கும்.

ஆகவே செயின், கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் அனைத்தையும் மாற்றினோம் (செலவை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை). கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் சரியாக இருப்பதைக் காட்டும் குறிகள் மீண்டும் நேர்ப்படுவதை உறுதிசெய்த பின்னரே மெக்கானிக் கவரை மூடினார். புதுச்சேரிக்கு இருமுறை போய்வந்தாயிற்று. காலைச் சத்தம் இல்லை. 1,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போது துண்டுகள் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று ஃபில்டரை அறுத்துப் பார்க்கவிருக்கிறேன்.